காரணம்: வலசைப் பறவைகள்

சிவகாசிப் பக்கத்து ஆட்களுக்கு ‘உராய்வு’ என்ற சொல்லை இயற்பியல் புத்தகம் அறிமுகப்படுத்தியிருக்காது. செய்தித்தாள்தான் அறிமுகப்படுத்தியிருக்கும். பட்டாசு ஆலையில் வெடி விபத்து, மருந்து கலக்கும்போது ஏற்பட்ட உராய்வே காரணம் என முதல்கட்ட விசாரணையில் தெரியவந்துள்ளது. ஊர்ப் பெயர் மாறும், இறந்தவர்களின் எண்ணிக்கை மாறும், இந்த வரி மட்டும் மாறாது.

அந்த வரி பொய்யில்லை. உராயாமல் பொறி வராது, பொறி இல்லாமல் மருந்து வெடிக்காது. ஆனால் நான்கு பேர் உட்கார வேண்டிய அறையில் ஏன் அத்தனை பேர் இருந்தார்கள், கலந்த மருந்தை அன்றன்றே தீர்க்காமல் ஏன் குவித்து வைத்திருந்தார்கள், உரிமம் ஒருவர் பெயரில் இருக்க உள்ளே வேலை வாங்கியது ஏன் இன்னொருவர் என்ற கேள்விகளை எல்லாம் அந்த ஒற்றைச் சொல் முழுங்கிவிடும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏறக்குறைய 40 பேர் இறந்தபோதும், 2021 பிப்ரவரியில் அச்சன்குளத்தில் 20 பேருக்கு மேல் இறந்தபோதும் எங்கள் ஊர் டீக்கடைகளில் எல்லோருக்கும் இந்தக் கேள்விகள் தெரிந்திருந்தன. உராய்வுக்கு வீடு கிடையாது, வக்கீல் கிடையாது. அதன்மேல் பழி போடுவது எல்லோருக்கும் வசதி.

கோழிகளைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு ஏன் பட்டாசில் ஆரம்பிக்கிறேன் என்றால், பறவைக் காய்ச்சல் செய்திகளில் உராய்வின் இடத்தில் எப்போதும் இன்னொரு சொல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. காரணம்: வலசைப் பறவைகள். இதுவும் பொய்யில்லை. இதற்கும் வக்கீல் கிடையாது.

காட்டுப் பறவையிடமிருந்து வீட்டுக் கோழிக்கு நோய் எப்படி வருகிறது என்பது அறிவியல் கேள்வி. அந்தக் கேள்விக்கு வரும் பதிலை வைத்துக்கொண்டு யாரிடம் விலை வாங்குகிறோம் என்பது அறவியல் கேள்வி. முதல் கேள்வியின் பதில் இரண்டாவது கேள்விக்கும் போதும் என்று நினைத்துக்கொள்கிறோம். போதாது என்பதுதான் என் எண்ணம்.

*

முதலில் அறிவியல். இன்ஃப்ளூயன்சா ஏ வைரஸ்களின் பழைய வீடு நீர்ப்பறவைகளின் குடல். வாத்துகள், உள்ளான்கள், கடற்காகங்கள் போன்றவற்றின் உடலில் அவை பெரும்பாலும் தொந்தரவு செய்யாமல் வாழ்கின்றன. எச்சத்தோடு தண்ணீரில் இறங்கி, அதே தண்ணீரைக் குடிக்கும் அடுத்த பறவைக்குள் போகின்றன. குளிர்ந்த நீரில் வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். நம் வெயிலில் அவ்வளவு நாள் இருக்காது.

இந்தச் சாதுவான வைரஸ் எப்படிக் கொலைகார வைரஸாகிறது? அதன் மேற்பரப்பில் முள்போல நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு புரதம் இருக்கிறது. ஹெச்5, ஹெச்7 என்பதில் வரும் ‘ஹெச்’ அதுதான். பறவையின் உடலிலுள்ள ஒரு நொதி அந்தப் புரதத்தைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டிவிட்டால்தான் வைரஸால் செல்லைத் தொற்ற முடியும். சாதுவான வகைக்குத் தேவையான நொதி குடலிலும் மூச்சுப்பாதையிலும்தான் இருக்கும். ஆகவே நோய் அங்கேயே நின்றுவிடும். ஹெச்5, ஹெச்7 வகைகள் கோழிகளுக்குள் புகுந்து ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும்போது, சில வேளைகளில் அந்த வெட்டும் இடத்தில் கூடுதலாகச் சில அமினோ அமிலங்கள் ஒட்டிக்கொள்கின்றன. அதன் பிறகு உடலின் எல்லா உறுப்புகளிலும் இருக்கும் நொதியே அதை வெட்டிவிடும். மூளை, இதயம், ஈரல் எல்லாம் ஒரே நேரத்தில் தாக்கப்படும். சாயங்காலம் தீவனம் தின்ற கோழி காலையில் செத்துக் கிடக்கும்.

இந்த மாற்றம் நடக்க ஏராளமான பறவைகள் நெருக்கமாக வேண்டும். காட்டில் சாகடிக்கும் வைரஸ் அவ்வளவு சுலபமாகப் பிழைக்காது. செத்த பறவை பறக்காது, பறக்காத பறவை பரப்பாது. ஒரே கூரையின் கீழ் ஆயிரக்கணக்கில் அடைத்துவைத்த இடத்தில் அந்தத் தடை கிடையாது. ஒன்று சாவதற்குள் பக்கத்தில் இருக்கும் பத்துக்குத் தொற்றிவிடும்.

இன்று உலகைச் சுற்றிக்கொண்டிருக்கும் ஹெச்5 வைரஸ்களின் மூதாதை 1996இல் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் பண்ணை வாத்து ஒன்றிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. கவனியுங்கள், பண்ணை வாத்து. அடுத்த வருடம் ஹாங்காங்கில் 18 மனிதர்களுக்குத் தொற்றி 6 பேர் இறந்தார்கள். நகரத்தின் கோழிகள் மொத்தமும், பத்து லட்சத்துக்கு மேல், கொல்லப்பட்டன. 2005இல் சீனாவின் சிங்ஹாய் ஏரியில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட காட்டுப் பறவைகள் செத்து மிதந்தன. பண்ணையில் வளர்ந்த வைரஸ் காட்டுக்குத் திரும்பிப் போனதன் பெரிய அடையாளம் அது. செத்தவற்றில் மிகுதி பட்டைத்தலை வாத்துகள். 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாபூரில் இந்தியாவின் முதல் நோய்ப்பரவல் உறுதியானது.

ஆக, காட்டிலிருந்து பண்ணைக்கு, பண்ணையிலிருந்து காட்டுக்கு, மறுபடி காட்டிலிருந்து பண்ணைக்கு. வட்டத்தில் எந்தப் புள்ளியில் கதையைத் தொடங்குகிறோமோ அதற்கு முந்தைய புள்ளியில் இருப்பவர் குற்றவாளி ஆகிவிடுகிறார். செய்தி எப்போதும் பண்ணையில் கோழி செத்த நாளிலிருந்து தொடங்குகிறது. அதனால் குற்றவாளி எப்போதும் கொக்கு, நாரை, வாத்து.

*

வலசைப் பறவைகள் அப்பாவிகள், எல்லாம் பண்ணைகளின் சதி என்று சொல்லிவிட்டால் கட்டுரை சுலபமாக முடிந்துவிடும். அப்படி இல்லை. 2014–15இல் ஹெச்5என்8 வைரஸ் கொரியாவிலிருந்து ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் பரவியதை ஆராய்ந்தவர்கள், வடதுருவத்தை ஒட்டிய இனப்பெருக்க இடங்கள் வழியாக வலசைப் பறவைகள்தான் அதைச் சுமந்துபோயின என்ற முடிவுக்கு வந்தார்கள். கண்டம் விட்டுக் கண்டம் தாண்டும் வேலையைப் பறவைகள் செய்கின்றன. அதை மறுப்பதில் பிரயோஜனமில்லை.

இதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். எங்கள் வேலையில் எந்த வரியை யார், எப்போது, எதற்கு மேல் மாற்றினார் என்பதெல்லாம் ‘கிட்’ பதிவில் இருக்கும். வைரஸும் அப்படித்தான் தன் சரித்திரத்தைத் தன்னிடமே எழுதி வைத்திருக்கிறது. ஒவ்வொரு முறை நகலெடுக்கும்போதும் எழுத்துப்பிழை விடும். இரண்டு வைரஸ்கள் ஒரே பறவையில் சந்தித்தால், தங்களிடமுள்ள எட்டு மரபணுத் துண்டுகளைச் சீட்டுக்கட்டு போலக் கலைத்துக்கொள்ளும். பிழைகளை ஒப்பிட்டுப் பார்த்தால் எது யாருடைய பிள்ளை, எப்போது பிரிந்தது என்று வரைய முடியும். பறவை போன பாதையைப் பறவையின் முதுகிலேயே ஏற்றிய கருவியிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

சிவகாசியிலிருந்து தெற்கே, திருநெல்வேலியைத் தாண்டி நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளம் இருக்கிறது. 1994இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஊர். 2008 குளிர்காலத்தில் கூந்தன்குளத்திலும் ஒடிசாவின் சிலிகா ஏரியிலும் பட்டைத்தலை வாத்துகளைப் பிடித்து, செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பறக்கவிட்டார்கள். இமயமலையின் வடக்கு நோக்கி அவை ஏழெட்டு மணி நேரத்தில் ஏறிக் கடப்பதை உலகத்துக்குச் சொன்ன ஆராய்ச்சியில் அந்தத் தரவுக்கும் பங்கு உண்டு. ஆனால் இத்தனை செலவு செய்து வாத்துகளைப் பின்தொடர ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் அமைப்பு கிளம்பியதற்குப் பின்னால் ஒரு பயம் இருந்தது. சிங்ஹாய் ஏரியில் செத்த அதே இனம், தென்கோடித் தமிழ்நாட்டுக் குளம் வரைக்கும் வந்து போகிறது.

நெருங்கிப் பார்த்தால் பழியின் முகவரி எப்படி மாறும் என்பதற்கு 2021 ஜனவரியைச் சொல்லலாம். ஒரே வாரத்தில் இரண்டு செய்திகள் வந்தன. இமாச்சலத்தின் போங் அணைத் தேக்கத்தில் ஆயிரக்கணக்கில் பட்டைத்தலை வாத்துகள் செத்துவிட்டன. கேரளத்தின் ஆலப்புழை, கோட்டயம் மாவட்டங்களில் வளர்ப்பு வாத்துகள் செத்துவிட்டன. தொலைக்காட்சியில் இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டு, வடக்கிலிருந்து தெற்கே ஒரு அம்புக்குறி இழுத்தார்கள். போபாலில் உள்ள உயர்பாதுகாப்பு விலங்குநோய் ஆய்வகத்தின் முடிவுகள் வந்தபோது போங் அணையில் இருந்தது ஹெச்5என்1, கேரளத்தில் இருந்தது ஹெச்5என்8. இரண்டும் வேறு வேறு வைரஸ்கள். அந்த அம்புக்குறிக்கு வேலையே இல்லை. ஆனால் திருத்தம் எந்தத் தலைப்புச் செய்தியிலும் வந்ததாக நினைவில்லை.

*

கண்டம் தாண்டும் வைரஸ் ஒரு கண்மாய்க்கு வந்து சேர்ந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். கண்மாயிலிருந்து கோழிக்கூட்டுக்கு அது நடக்க வேண்டிய கடைசி அரை கிலோமீட்டர்தான் முக்கியம். அந்தத் தூரத்தை நாரை கடப்பது அபூர்வம். காகம் கடக்கும், மைனா கடக்கும். அறுவடை முடிந்த வயலில் மேயவிட்ட வாத்துக் கூட்டம் கடக்கும். தாய்லாந்தில் 2004 நோய்ப்பரவலை ஆராய்ந்தவர்கள், மேய்ச்சல் வாத்துகளும் நெல் வயல்களும் சேர்ந்திருந்த இடங்களோடு நோய் பொருந்திப்போவதைக் கண்டார்கள். குட்டநாட்டு வயல்களிலும் அதே அமைப்புதான். வாத்து, கோழியைப் போல் உடனே சாவதில்லை. நோயைச் சுமந்துகொண்டு தெம்பாக நடக்கும்.

எல்லாவற்றையும்விட அதிகம் கடப்பது மனிதன். சேறு ஒட்டிய செருப்பு, ஒரு பண்ணையிலிருந்து இன்னொரு பண்ணைக்குப் போகும் தீவன லாரியின் டயர், திரும்பத் திரும்பப் பயன்படும் முட்டை அட்டை, சந்தையில் விற்காமல் திரும்பி வரும் சேவல், வயலுக்கு உரமாகப் போகும் கோழி எரு. இவற்றில் எதற்கும் சிறகு கிடையாது, ஆனால் நம்மூரில் இவை பறவையைவிட வேகமாகப் போகும்.

அந்த 2021 ஜனவரியில் நான் வெம்பக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊரில் உட்கார்ந்து வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கொரோனா காலம். ராஜபாளையம், தென்காசி வழியாகக் கேரளம் போகிற சாலையில், புளியரைச் சோதனைச் சாவடியில் வண்டிகளுக்கு மருந்து அடிப்பதை டிவியில் காட்டினார்கள். பக்கத்து வீட்டுப் பெரியம்மா பயர் ஆபீஸில் திரி வெட்டும் வேலைக்குப் போகிறவர். ஏழெட்டு நாட்டுக்கோழி வைத்திருந்தார். ராத்திரி பஞ்சாரத்தில் கவிழ்த்தால் காலையில் திறந்துவிடுவார், அதற்குப் பிறகு அவை கண்மாய்க்கரை முழுக்க ராஜ்ஜியம் நடத்தும்.

“ஏய்யா, கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லு. சீக்கு வந்துச்சுன்னா எல்லாக் கோழியையும் கொன்னுருவாங்களாமே?”

“ஒரு கிலோமீட்டருக்குள்ள இருக்குறத எல்லாம் கொல்லணும்னு இருக்கு பெரியம்மா. அதுக்கப்புறம் பத்துக் கிலோமீட்டர் வரைக்கும் கண்காணிப்பு.”

கொஞ்ச நேரம் யோசித்தார்.

“ஒரு கிலோமீட்டர்னா எங்கேருந்து அளப்பாங்க?”

நான் முடிந்தவரை விளக்கினேன். எந்த இடத்தில் செத்த கோழியில் நோய் உறுதியாகிறதோ அங்கிருந்து என்றேன்.

“அப்போ மொதல்ல போய்ச் சொல்றவன் வீட்டுலேருந்துதான் அளப்பாங்க.”

அவர் குறை சொல்லும் தொனியில் பேசவில்லை. விறகுக்கடையில் எடை கேட்பதுபோல் கேட்டார். நோய்ப்பரவல் பற்றி நான் படித்த எந்த ஆய்வும் என்னை இந்த ஒரு வாக்கியம் அளவுக்கு யோசிக்க வைத்ததில்லை.

*

வட்டத்தின் மையம் நோய் தொடங்கிய இடமாக இருக்க வேண்டும் என்பதில்லை. நோயைப் பற்றி வாய் திறந்த இடம் அது. அந்த வட்டத்துக்குள் இருக்கும் ஆரோக்கியமான கோழிகளும் கொல்லப்படும். அக்கம்பக்கத்தாரின் கோழிகளும் கொல்லப்படும். ‘இவன் வாயாலதான்’ என்ற பேச்சு எத்தனை வருடம் ஓடும் என்று கிராமத்தில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். காட்டுப் பறவைகளை யாரும் தொட மாட்டார்கள், தொடவும் கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஒரு புறம். விரட்டினால் நோய் இன்னும் சிதறும் என்பது மறுபுறம். ஆகவே கணக்கை நேர்செய்வது பஞ்சாரத்துக் கோழிதான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே மூன்றாவதாக ஒன்றும் உண்டு: விலை ஓரிடம்.

கொல்வதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. 2003 முதல் உலகில் ஏறக்குறைய ஆயிரம் மனிதர்களுக்கு ஹெச்5என்1 தொற்றியிருக்கிறது, அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் இறந்துவிட்டார்கள். 2021 ஜூலையில் டெல்லி எய்ம்ஸில் ஒரு சிறுவன் இறந்தான். இந்தியாவில் பதிவான முதல் மரணம் அது. மனிதரிடமிருந்து மனிதருக்குச் சுலபமாகப் பரவும் திறமையை இந்த வைரஸ் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. அது தொற்றும் ஒவ்வொரு கோழியும் அதற்கு இன்னொரு பரீட்சை வாய்ப்பு. பக்கத்து அறைக்குத் தீ தாவாமல் இருக்க இடைவெளி விடுவதுபோல், ஒரு கிலோமீட்டர் வெற்றிடம் உண்டாக்குவதில் தர்க்கம் இருக்கிறது. பிரான்ஸ் 2023இல் பண்ணை வாத்துகளுக்குத் தடுப்பூசி போட ஆரம்பித்தது. சீனா பல வருடங்களாகப் போடுகிறது. இந்தியா இந்த நோய்க்குக் கண்டறிந்து அழிக்கும் வழியையே நம்பி வந்திருக்கிறது. அந்த வழி ஒரே ஒரு தூணின்மேல் நிற்கிறது: யாராவது சீக்கிரம் சொல்ல வேண்டும்.

சொல்பவருக்கு என்ன கிடைக்கிறது? கொல்லப்பட்ட பறவைக்கு இழப்பீடு உண்டு. மத்திய அரசு பாதி, மாநில அரசு பாதி. கேரளத்தில் 2021இல் இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட பறவைக்கு 200 ரூபாய், அதற்குக் கீழே 100 ரூபாய், முட்டைக்கு 5 ரூபாய் என்று அறிவித்தார்கள். ஒன்றுமே கிடைக்காததற்கு இது எவ்வளவோ மேல். ஆனால் அடைக்கு உட்காரும் பெட்டை ஒன்று பெரியம்மாவுக்கு வருடம் முழுக்கச் சில்லறை தரும் வங்கிக்கணக்கு. பேத்தி பள்ளிச் சுற்றுலாவுக்குப் பணம் கேட்டால் ஒரு சேவலைப் பிடித்துவிடலாம். அதன் விலை எடைக்கல்லில் தெரியாது. பெரிய அளவிலும் இதே சிக்கல்தான். ஒப்பந்த முறையில் கறிக்கோழி வளர்ப்பவரிடம் கொட்டகை மட்டும்தான் சொந்தம். குஞ்சும் தீவனமும் நிறுவனத்துடையது. பறவைக்கு இழப்பீடு என்றால், மாதக்கணக்கில் காலியாகக் கிடக்கப்போகும் கொட்டகைக்கு யார் பதில் சொல்வது?

2008இல் மேற்கு வங்கத்தில் ஏறக்குறைய 40 லட்சம் பறவைகளைக் கொல்ல வேண்டி வந்தது. அங்கே வீட்டுக்கு வீடு கோழி வளர்ப்பு. அழிப்புக் குழு வருவதற்குள் கோழிகளை ஒளித்துவைத்தார்கள், சொந்தக்காரர் ஊருக்கு அனுப்பினார்கள் என்று அப்போதைய செய்திகள் சொல்லின. படித்தவர்கள் அதை அறியாமை என்றார்கள். அதில் அறியாமை எங்கே இருக்கிறது? விதி அவர்களை எப்படி நடந்துகொள்ளச் சொன்னதோ அப்படி நடந்துகொண்டார்கள். ஒளித்த கோழி அடுத்த ஊருக்குப் போனது. கூடவே வைரஸும் போயிருக்கும். இதற்கும் ‘வலசை’ என்றுதானே பெயர்?

*

மென்பொருள் உலகில் சர்வர் படுத்துவிட்டால் பிறகு ஒரு கூட்டம் போட்டு மூலகாரணம் தேடுவோம். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், ராத்திரி இரண்டு மணிக்குத் தவறான கட்டளையைத் தட்டிவிட்ட ஒரு ஜூனியர் பையன் ஐந்தாவது நிமிடத்தில் தானே எல்லோருக்கும் செய்தி அனுப்பினான். அறிக்கையில் ‘மனிதத் தவறு’ என்று எழுதினார்கள். உராய்வு என்பதன் ஆங்கிலப் பங்காளி அது. ஒற்றை ஆள் ஒற்றைக் கட்டளையில் எல்லாவற்றையும் அழிக்க முடிகிற மாதிரி அமைப்பை யார் கட்டியது என்று யாரும் எழுதவில்லை. ஆறு மாதம் கழித்து அதே மாதிரி இன்னொன்று நடந்தது. இந்த முறை ஐந்தாவது நிமிடத்தில் யாரும் சொல்லவில்லை. விடியும்வரை தெரியவே இல்லை.

இந்தத் தொழில் அதிலிருந்து ஒரு பாடம் எடுத்துக்கொண்டது. பழி சுமத்தாத விசாரணை என்பார்கள். கருணையால் வந்ததல்ல அது. சொன்னவனை அடித்தால் அடுத்தவன் சொல்ல மாட்டான் என்ற கணக்கு.

ஆனால் இதை அப்படியே சிவகாசிக்குக் கொண்டுவந்தால் என் வாயிலேயே கசக்கிறது. அனுமதித்த அளவுக்கு மேல் மருந்தைக் குவித்து, தெரிந்தே ஆட்களை உள்ளே உட்கார வைத்தவரைப் பார்த்து, ‘யாரையும் குறை சொல்ல வேண்டாம், அமைப்பைச் சரிசெய்வோம்’ என்று புன்னகைப்பது அநியாயம். பழியே வேண்டாம் என்பது பல நேரம் பலசாலிகளுக்குச் சாதகமான தத்துவம். வலசைப் பறவைமேல் பழியைப் போடுவதும் யார்மேலும் பழி போடாததும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து சேரும்.

அதனால் இரண்டைப் பிரித்துப் பார்க்கப் பழகிக்கொண்டேன். பொறியைக் கொண்டுவந்தவர் யார் என்பது ஒன்று. பொறி விழுந்தால் பற்றும் அளவுக்குச் சேர்த்து வைத்தவர் யார் என்பது இன்னொன்று. பொறிக்குப் பழி சொல்வதில் பயனில்லை. அது எங்கிருந்தும் வரும்: நாரையின் எச்சத்திலிருந்து வரும், பெரியம்மாவின் கோழியிலிருந்தும் வரும். வீட்டுக்கோழிகள்தான் காட்டுப் பறவைகளோடு அதிகம் புழங்குகின்றன என்பதும், வேலியும் வலையும் கிருமிநாசினித் தொட்டியும் வைத்த பெரிய பண்ணைக்குள் நோய் நுழைவது கடினம் என்பதும் உண்மை. ஆனால் நுழைந்துவிட்டால்? ஏழு கோழியில் வைரஸுக்கு ஏழு வாய்ப்பு, ஐம்பதாயிரம் கோழியில் ஐம்பதாயிரம் வாய்ப்பு. பட்டாசு அறைக்கு ஆள் கணக்கும் மருந்துக் கணக்கும் அறைக்கு அறை இடைவெளியும் வைத்த சட்டத்துக்கு இது தெரிந்திருக்கிறது. பொறியே வராது என்று அந்தச் சட்டம் நம்பவில்லை. வரும், வந்தால் எத்தனை பேர் சாகலாம் என்று முன்கூட்டியே எண்ணிவைத்திருக்கிறது. அதை மீறியவரிடம்தான் கணக்குக் கேட்க வேண்டும்.

இதிலிருந்து எனக்குப் புரிகிற நியாயம் எளிமையானது. முதலில் சொல்பவர் முதலில் இழப்பவராக இருக்கக் கூடாது. சொன்னவரைத் தாங்க வேண்டும், மறைத்தவரைப் பிடிக்க வேண்டும். தாங்குவதற்கான பணம், சேர்த்து வைப்பதால் லாபம் அடைகிறவர்களிடமிருந்து வர வேண்டும். அந்த ‘அடைகிறவர்கள்’ பட்டியலில் பண்ணை முதலாளி மட்டும் இல்லை, ராத்திரி பத்து மணிக்கு ஆம்லெட் ஆர்டர் செய்யும் நானும் இருக்கிறேன். நாமக்கல்லிலிருந்து தினமும் கோடிக்கணக்கில் முட்டை கிளம்புகிறது. நாளொன்றுக்கு 4 கோடி என்று வைத்துக்கொண்டால், முட்டைக்கு ஒரு பைசா எடுத்து வைத்தால் நாளுக்கு 4 லட்சம் ரூபாய், வருடத்துக்கு 14 கோடிக்கு மேல். முதலில் தகவல் சொன்ன வீட்டுக்குக் கோழியின் சந்தை விலைக்கு மேலேயே கொடுக்கலாம். வட்டத்துக்குள் மாட்டிக்கொண்ட பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம். மலிவான முட்டை என்று நாம் சொல்வது, அந்த ஒரு பைசாவை வேறு யாரோ நமக்காகக் கட்டிக்கொண்டிருக்கும் முட்டை.

*

பறவைகளுக்காக விலை கொடுத்த மனிதர்களைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டி உள்ளிட்ட ஊர்களில் பல தலைமுறைப் பிள்ளைகள் தீபாவளிக்கு வெடி வெடித்ததில்லை. கூந்தன்குளத்திலும் அப்படித்தான். பறவைகள் குஞ்சு பொரித்திருக்கும், சத்தம் கேட்டால் பயந்துவிடும் என்பதால். எங்கள் ஊர்ச் சரக்கு விலைபோகாத ஊர்கள். ஆனாலும் சிவகாசிக்காரன் யாரும் அதைக் கேட்டுக் கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. ‘நல்ல ஊருப்பா’ என்றுதான் சொல்வார்கள்.

கூந்தன்குளத்தில் சங்குவளை நாரைகள் வீட்டு வாசல் மரத்தில் கூடு கட்டும். எச்சம் முற்றத்தில் விழும். கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை எடுத்து வளர்த்தவர்கள் உண்டு. எச்சம் கரைந்த குளத்து வண்டல் வயலுக்கு உரமாகும். நோய்ப்பரவல் ஆய்வாளரின் கண்ணில் அந்த முற்றம் ஓர் அபாயப் புள்ளி: மேலே காட்டுப் பறவை, கீழே வீட்டுக்கோழி, நடுவே மனிதன். அந்த ஊர்க்காரரின் கண்ணில் அது விருந்தாளி வந்து தங்கும் வீடு. இரண்டு பார்வையும் சரி. கருவி பொருத்திய வாத்தை வானத்தில் பின்தொடர்வதும் அதே வாத்துக்காகப் பிள்ளையின் கையிலிருந்து சரவெடியை வாங்கி வைப்பதும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை.

அந்த ஊர்கள் கொடுத்த விலை, அவர்களே மனசார ஏற்றுக்கொண்டது. ஊர் கூடிப் பேசி, காரணம் தெரிந்து, எல்லார் வீட்டுப் பிள்ளையும் சமமாக விட்டுக்கொடுத்தது. ஒரு கிலோமீட்டர் வட்டத்தில் பெரியம்மா கொடுக்கப்போகும் விலை அப்படிப்பட்டதல்ல. அவரிடம் யாரும் கேட்கவில்லை, வட்டம் வரைந்தவர்களின் கோழி எதுவும் அந்த வட்டத்துக்குள் இல்லை. தியாகம் என்ற சொல்லை நாம் தாராளமாகப் பயன்படுத்துகிறோம். கேட்காமல் எடுத்துக்கொண்டதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

இதற்கிடையில் வைரஸ் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. 2023இல் அர்ஜெண்டினாவின் வால்டெஸ் தீபகற்பக் கரையில் சுமார் 17,000 யானைச்சீல் குட்டிகள் செத்தன. 2024இல் அண்டார்டிகா நிலப்பரப்பையும் எட்டிவிட்டது. அதே வருடம் அமெரிக்காவில் கறவை மாடுகளுக்கும் வந்தது. ஒரு பண்ணை வாத்திலிருந்து முப்பது வருடத்துக்குள் இவ்வளவு தூரம். இனி வலசைப் பறவை நமக்கு நோயைக் கொண்டுவருகிறது என்று சொல்லும்போது, நாம் அதற்குக் கொடுத்தனுப்பியது திரும்பி வருகிறது என்ற பாதியையும் சேர்த்துச் சொல்வதுதான் மரியாதை.

எங்கோ ஒரு கண்மாய்க்கரையில் ஒரு நாள் காலை பஞ்சாரத்தைத் தூக்கும்போது மூன்று கோழிகள் விறைத்துக் கிடக்கலாம். வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம், வெறும் பாம்புக்கடியாக இருக்கலாம், அதுவாகவும் இருக்கலாம். அந்த வீட்டுப் பெண் கையில் போனை எடுத்து, கால்நடை மருத்துவருக்குச் சொல்வதா, குழிதோண்டிப் புதைத்துவிட்டு வேலைக்குக் கிளம்புவதா என்று யோசிக்கும் பத்து நிமிடம் இருக்கிறதே, உலகத்தின் எல்லா ஆய்வகங்களும் அந்தப் பத்து நிமிடத்தை நம்பித்தான் இருக்கின்றன. அந்த நேரத்தில் அவர் கணக்குப் போட்டுப் பார்ப்பார். சொன்னால் என்ன ஆகும், சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று. அந்தக் கணக்கில் எண்களை எழுதி வைத்திருப்பது நாரை இல்லை.